மேலாளரின் குதிகால்

சவுதியின் அல் கோபாரில் நாங்கள் இருந்தபோது கோல்ஃப் மைதானத்தில் புல்லே கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் மணல். பந்தை வைத்து அடிக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் புல் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார்கள். குழியைச் சுற்றி மட்டும் எண்ணெய் ஊற்றி இறுக்கிய கறுப்பு மணல். ஆடி முடித்தவர்கள் அதைத் துடைப்பத்தால் கூட்டிவிட்டுப் போக வேண்டும். உலகம் முழுக்க கோல்ஃப் இப்படித்தான் என்று எட்டு வயதில் நான் நம்பியிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை இறுதிப் போட்டி. அப்பாவுக்கு எதிராக அவருடைய அலுவலக மேலாளர், ஒரு வெள்ளைக்காரர். முதல்நாளே எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மாவுக்கும் இறங்கவில்லை, அவளுக்குக் காரணம் வேறு. எங்கள் இருவரின் விசா அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க மேலாளரின் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால் சண்டை நடக்கும் யாழ்ப்பாணத்துக்கே திரும்ப வேண்டும். இதெல்லாம் என் முன்னால் பேசப்பட்டதுதான். என் காதில் விழுந்தது கோப்பை என்ற ஒரு சொல் மட்டும்.

போகும் வழியெல்லாம் அப்பா பாடம் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருவர் அடிக்கும்போது மூச்சுக் காட்டக் கூடாது. அவருடைய பந்தில் நம் நிழல் விழக் கூடாது. அவர் பந்துக்கும் குழிக்கும் நடுவே காலே வைக்கக் கூடாது.

"குழிக்குக் கிட்ட கையை ஆட்டக்கூடாது பிள்ளை. தோளாலை தள்ளோணும்."

கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம். மேலாளர் தள்ளிய பந்து குழியருகே நின்றுவிட்டது. எரிச்சலோடு விறுவிறுவென்று நடந்துபோய் அதை உள்ளே தட்டினார். இந்த மரியாதைகளை ஊருக்கே ஓதுகிற மனிதர், அப்பாவின் பந்துக்கு முன்னால், சற்று இடப்பக்கமாக, குதிகாலை அழுந்தப் பதித்துவிட்டுப் போனார்!

"அங்கிள் அப்பான்ரை பாதையை மிதிச்சிட்டார்!" என்று கத்தினேன்.

அம்மா என் வாயைப் பொத்தினாள். "சும்மா இரு பிள்ளை, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அப்பா ஒரே தள்ளில் போட்டால் கோப்பை எங்களுக்கு. அவரோ குழிக்கு ஒரு சாண் இடப்பக்கம் தள்ளிக் குறி வைத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. படிப்பித்தவருக்கே பாடம் மறந்துவிட்டதா? பந்து தப்பான பக்கமாகவே உருண்டது. மேலாளரின் குதிகால் பள்ளத்தில் இறங்கியது, விளிம்பில் முட்டித் திரும்பியது, நேரே போய்க் குழிக்குள் டொக்கென்று விழுந்தது!

நான் துள்ளினேன், மணலில் புரண்டேன், அரபுப் பையன்களைப் போல யல்லா யல்லா என்று கூவினேன். அப்பா முகம் வெளிறி, தொப்பியைக் கழற்றி, மேலாளரிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். வென்றவர் மன்னிப்புக் கேட்பதும் கோல்ஃப் மரியாதை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலாளர் தம் தடத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, துடைப்பத்தைத் தாமே எடுத்து அதைக் கூட்டினார். கூட்டிக்கொண்டே, நாளைக் காலை அந்த விசாக் காகிதத்தைக் கொண்டுவரும்படி அப்பாவிடம் சொன்னார்.

அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். எனக்குப் பாவமாக இருந்தது. கோப்பையைத் தூக்கிப்போய் அவள் மடியில் வைத்தேன்.

"அழாதேங்கோ அம்மா," என்று தேற்றினேன். "உண்மையாவே நாங்கள்தான் வெண்டனாங்கள்."