ஏரிக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

பிள்ளைப்பாக்கத்துக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டின சின்ன ஊரில் சாம்சன் என்று ஒருவர் இருந்தார். பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் கோயில் மணியடிப்பது, ஜமுக்காளம் விரிப்பது, படப்பையிலிருந்து போதகர் வராத வாரங்களில் ஜெபம் ஏறெடுப்பது எல்லாமும் அவர்தான். யார் பெண் எங்கே வாழ்க்கைப்பட்டாள், எந்தப் பங்காளிக்கு எந்த வரப்பில் தகராறு என்று தண்ணீர் பிடிக்க வருகிறவர்கள் பேச்சைக் கேட்டே ஊரை மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அந்த மனப்பாடம் ஜெபத்திலும் வரும். ஒருவருக்காக வேண்டினால் வெறும் பேரோடு விடமாட்டார். இன்னார் மகன், இன்னார் மருமகன், வேப்பமரத்துக்கு எதிர் வீடு என்று தபால்காரருக்கு வழி சொல்வது போல முழுசாகச் சொன்னால்தான் அவருக்கு மனசு ஆறும். ஆண்டவர் வீடு மாறிப் போய்விடுவாரா என்று பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

1991இல் சபையார் ஒரு மைக் செட்டும் கூம்பு ஸ்பீக்கரும் வாங்கினார்கள். ஸ்பீக்கரை எங்கே கட்டுவது என்று பேச்சு வந்தபோது சபையைச் சேர்ந்த பாபு, உள்ளேயே வைத்தால் போதும் என்றான். ஆராதனை என்பது வந்து உட்கார்ந்திருக்கிற நமக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடக்கிறது, ஏரிக்கு அந்தப் பக்கம் துணி துவைக்கிறவர்களுக்கு எதற்கு என்பது அவன் கட்சி. சாம்சன் ஒப்பவில்லை.

“உள்ள உக்காந்துகினு கீறவன் ஏற்கெனவே வந்துட்டான்டா. வெளியில கீறவனுக்குத்தான் கோயிலே.”

சொன்ன கையோடு கோயில் வாசலில் நின்ற பனைமரத்தில் ஏறி, ஸ்பீக்கரின் வாயை ஏரிக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களைப் பார்க்கத் திருப்பிக் கட்டினார்.

அந்தத் தெருக்களில் ஒன்றிலிருந்து ஒருத்தி ஏற்கெனவே கோயிலுக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். பலராமன் பெண்சாதி பாஞ்சாலி. கீரை பறிக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, கூடையோடு வந்து செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் உட்காருவாள். மகள் மதிவதனிக்குச் சின்ன வயசில் வலிப்பு இருந்தது. வல்லக்கோட்டை முருகனுக்கும் வேண்டிக்கொண்டாள், இங்கேயும் வந்தாள். பெரிய பெண் ஆனதிலிருந்து வலிப்பு வரவில்லை. இப்போது அடுத்த தெரு வரதராஜுலு மகனுக்குப் பேசி, வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. கல்யாணக் கூட்டத்தில் எங்கே திரும்ப வந்துவிடுமோ என்பதுதான் தாயின் கவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணியடிப்பதற்கு முன்னாலேயே வந்து சாம்சனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“நீங்க மட்டும் வேண்டிக்கோங்கண்ணா. யாருக்கும் தெரிய வேணாம்.”

“ஆண்டவர் காதுல மட்டும்தாம்மா போடுவேன்” என்றார்.

மனசாரத்தான் சொன்னார். ஆனால் மைக்குக்கு முன்னால் நின்று கண்ணை மூடியதும் வழக்கம் அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பலராமன் மகள், கோபால் பேத்தி, ஓடு போட்ட வீடு, சிறுவயதில் வந்த வலிப்பு, வரதராஜுலு வீட்டுக்கு மருமகளாகப் போகப்போகிற பிள்ளை என்று உருக்கமாகச் சொல்லிக்கொண்டே போனார். மூச்சு வாங்க நிறுத்தினபோது, அவர் குரலே ஏரியைத் தாண்டிப் போய் மோதித் திரும்பி வந்தது. “மதிவதனி” என்றது.

கண்ணைத் திறந்தார். பாஞ்சாலி உட்கார்ந்திருந்த இடத்தில் கீரைக்கூடை மட்டும் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாம்சன் கூடையை எடுத்துக்கொண்டு பலராமன் வீட்டுக்குப் போனார். பலராமன் முகம் கொடுக்காமல் கொல்லைக்குப் போய்விட்டார். பாஞ்சாலி வாசலில் நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

“ஏன்ணா, உங்க சாமிக்குக் காது கேக்காதா? எங்க வூடு அதுக்குத் தெரியாதா? நான் நடந்து வந்தப்போ என்னைப் பாத்துகினுதானே இருந்துது?”

சாம்சன் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினார்.

மறுநாள் யாரும் சொல்வதற்கு முன்னால் மரமேறி ஸ்பீக்கரை அவிழ்த்தார். கீழே நின்ற பாபு கை நீட்டி வாங்கிக்கொண்டான். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சாம்சனுக்கு. மதிவதனி குழாய்க்கு வருவதை விட்டுவிட்டுக் குடத்தோடு வயல் கிணற்றுக்கு நடந்தாள். அவள் தலை தெரிந்தாலே சாம்சன் மோட்டார் கொட்டகைக்குள் நுழைந்துகொள்வார். அதற்கப்புறம் அவர் ஜெபத்தில் பேரே வரவில்லை. உமக்குத் தெரியும் ஆண்டவரே என்பார், உட்கார்ந்துவிடுவார். ஜெபம் சப்பென்று இருக்கிறது என்று குறைப்பட்டவர்களும் உண்டு.

கார்த்திகை மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலி வந்தாள். வாசலில் நின்று பனைமரத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள். ஜமுக்காளத்தை விரித்துக்கொண்டிருந்த சாம்சன், தன்னிடம் வருவாள், ஏதாவது கேட்பாள் என்று குனிந்தபடியே காத்திருந்தார்.

அவள் பக்கத்திலிருந்த சபைப் பெண் ஜாஸ்மினின் தோளைத் தொட்டாள். காதோடு காதாக என்னவோ சொன்னாள். ஜாஸ்மின் தலையசைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் கண்ணை மூடினாள்.

என்ன சொன்னாள் என்று சாம்சனுக்குத் தெரியாது. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. சுருங்கியிருந்த ஜமுக்காளத்தின் ஓரத்தை அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்த பக்கம் இழுத்துவிட்டு, மணியடிக்கப் போனார்.