அக்காவின் ‘ஒன்லி’

இந்த நினைவு மலரின் அட்டையில் அக்காவின் படத்துக்குக் கீழே சி.பி.ஏ. என்ற மூன்று எழுத்துகளையும் போட்டே ஆக வேண்டும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். பெயரும் ஊரும் போதாதா, கணக்காளர் பட்டம் எதற்கு என்று உறவினர் சிலர் கேட்டார்கள். அக்கா இருந்திருந்தால் அவரும் அதையேதான் கேட்டிருப்பார். ஆனால் அந்த எழுத்துகள் எங்கள் வீட்டுக்கு வந்த விதத்தை அறிந்தால் நீங்களும் அத்தான் பக்கம் சேர்ந்துவிடுவீர்கள். ஓராண்டு நிறைவில் அதைச் சொல்லும் பொறுப்பு கடைசித் தங்கையான எனக்கு வந்திருக்கிறது.

சாவகச்சேரியில் மூன்று பெண்களில் மூத்தவராக அக்கா பிறந்தார். எங்கள் தகப்பனார், ஐயா, காலமானபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி. அக்கா அப்போதுதான் பி.கொம். முடித்திருந்தார். போர் எங்களை ஊரிலிருந்து கிளப்பியதும், கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, அம்மாவையும் எங்கள் இருவரையும் தன்னோடு வைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வருகிறவர்கள், “நீதான் பிள்ளை இந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினனி” என்று சொன்னால் அவருடைய பதில் எப்போதும் ஒன்றுதான்: “எல்லாருமாச் சேர்ந்துதான்.” அந்த ‘எல்லாரும்’ யார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சின்னக்காவும் நானும் அந்தக் காலத்தில் சேர்ந்து செய்தது சாப்பிட்டது மட்டுமே.

திருமணமாகி அத்தானுடன் சிட்னிக்கு வந்து டூங்காபியில் குடியேறினார். சில ஆண்டுகளில் நானும் வந்து அவர்களுடன் ஒட்டிக்கொண்டேன். கொழும்பில் கணக்குப் பிரிவையே நடத்தியவர், இங்கே ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடையில் லட்டும் ஜிலேபியும் பெட்டியில் அடுக்கினார். பின்னேரம் வீட்டுக்குள் நுழையும்போது அவருக்கு முன்னே நெய் வாசம் வரும். அதைப் பற்றி அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் கணக்குகளை விட்டுவிடவும் இல்லை.

சி.பி.ஏ. ஆக வேண்டும் என்று விண்ணப்பித்தபோது, அக்காவின் பட்டம் செல்லும் என்று பதில் வந்தது. இரண்டு பாடங்கள் மட்டும் குறைந்தன. இந்த நாட்டு வரிச் சட்டமும் கம்பனிச் சட்டமும் கொழும்பில் யார் படிப்பித்தார்கள்? அவற்றை இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தனிப் பாடங்களாகப் படித்துத் தேறினால்தான் அடுத்த படிக்குக் கால் வைக்கலாம். பரமட்டாவில் சிறிய கணக்காளர் அலுவலகம் வைத்திருந்த ஒருவர், இரண்டையும் முடித்துக்கொண்டு ஜூலையில் புது நிதியாண்டு தொடங்குமுன் வந்தால் வேலை தருவதாகவும், அதற்கு மேல் காத்திருக்க முடியாதென்றும் சொல்லியிருந்தார்.

வரிச் சட்டத்தை அக்கா ஊதித் தள்ளினார். கம்பனிச் சட்டத்தில்தான் வந்தது வினை. அதில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டியிருந்தது. அக்காவுக்கு வாய்த்த மற்ற மூவரும் இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களில் மெயிலின் என்ற சீனப் பெண் அக்காவை ‘அன்ரி’ என்று அழைக்கப் பழகிக்கொண்டாள். சனிக்கிழமைகளில் மூவரும் வேலை செய்வதற்கென்று டூங்காபிக்கு வருவார்கள். குசினியில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் அவர்களுக்காகக் காத்திருக்கும். அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அக்கா அடுத்த பகுதியை எழுதி முடித்திருப்பார்.

அறிக்கையைக் கொடுத்த பிறகு, அதில் தான் செய்தது என்ன என்று ஒவ்வொருவரும் தனித்தனியே இணையத்தில் எழுத வேண்டும். அக்காவுக்கு இது பெரிய சங்கடம். “எங்கட வாயால எங்களைப் பற்றிச் சொல்லுறதோ?” என்று தள்ளிப் போட்டார். அத்தான் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, “நீர்தானே எழுதினனீர்? அதை அப்பிடியே எழுதும்” என்று விடாப்பிடியாக நின்றார். கடைசியில் அக்கா மனதைத் திடப்படுத்திக்கொண்டு, ‘நான்தான் அறிக்கையை எழுதினேன்’ என்பதை ஆங்கிலத்தில் போட்டார்: ‘ஐ ஒன்லி ரோட் த ரிப்போர்ட்’. அத்தான் வாசித்துப் பார்த்து, இப்போதுதான் சரி என்று தலையாட்டினார். நானும் வாசித்தேன். பிழை ஒன்றும் தெரியவில்லை. வீட்டில் நாங்கள் எல்லோரும் பேசுகிற ஆங்கிலம் அதுதானே.

விரிவுரையாளர் அம்மையார் அதை வேறு விதமாக வாசித்தார். அறிக்கையை எழுதித் தந்ததோடு சரி, வேறொன்றும் நான் செய்யவில்லை என்று இந்த மாணவியே ஒப்புக்கொள்கிறார் என்பது அவருக்குப் பட்ட பொருள். யோசனையெல்லாம் பிள்ளைகளுடையது, அக்கா வெறும் எழுத்தர். பிள்ளைகளோ அந்தப் பக்கத்தை நிரப்பவே மறந்துபோனார்கள்; அக்காவுக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை. முடிவு வந்தபோது அக்கா சில புள்ளிகளால் தவறியிருந்தார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னைப் பற்றி இரண்டு வார்த்தை உயர்த்திச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு அது.

அன்று அக்கா அழுததை நான் பார்த்தேன். பரமட்டா வேலை கையை விட்டுப் போகிறது என்பதற்காக மட்டும் அல்ல. “நான் சொன்னதை அவை நம்பேல்லை” என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். விரிவுரையாளரிடமே போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று அத்தான் சொல்ல, வேண்டாம், மானம் போகும் என்று மறுத்தார். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு ஒருவாறு சம்மதித்தார்.

துணைக்குப் போன என்னையும் அந்த அம்மையார் உள்ளே இருக்கச் சொன்னார். அக்கா எழுதிய வரியை எங்களுக்கு வாசித்துக் காட்டி, இதற்கு மேல் எப்படிப் புள்ளி தருவது என்று மரியாதையாகவே கேட்டார். தன் வரியை இன்னொருவர் வாயால் கேட்டதும் அக்காவின் முகம் மாறியது. நான் பயந்துவிட்டேன். அவரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். தமிழில் ‘தான்’ என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறது, அதை ஒருவருக்குப் பின்னால் வைத்தால் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை என்று பொருள், அதைத்தான் நாங்கள் ஒன்லி என்று சொல்லிக்கொள்கிறோம் என்று விளக்கினார். அம்மையார் சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் அறிக்கையை எழுதியது யார் என்று கேட்டார். நான் அக்காவின் வாயையே பார்த்தேன். எங்கே பழையபடி எல்லாருமாச் சேர்ந்துதான் என்று சொல்லிவிடுவாரோ என்று.

“ஐ ரோட் இட்,” என்றார் அக்கா. “ஓல் ஒஃப் இட்.”

பிறகு தன் குறிப்புகளை எடுத்து வைத்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். எழுந்து வரும்போது, பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அவர்களுடைய புள்ளியில் கை வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் முடிவு திருத்தப்பட்டது. ஜூலை பிறக்கும்போது அக்கா பரமட்டாவில் இருந்தார். வேலை செய்துகொண்டே மிகுதிப் பரீட்சைகளையும் எழுதி சி.பி.ஏ. ஆனார்.

அதன்பின் அத்தானின் கேலிக்கு முடிவே இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் இந்தக் குழம்பு யார் வைத்தது என்று கேட்பார். “ஐ ஒன்லி” என்று அக்கா சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கறியில் உப்பில்லை என்பார். வரிக் காலம் வந்தால் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. கணக்குப் பார்த்துக்கொண்டு போனவர்களில் இதை வாசிக்கும் நீங்கள் பலரும் இருப்பீர்கள்.

நோய் வந்தபோதும் அக்கா சிரிப்பை விடவில்லை. கடைசி வாரத்தில் ஒருநாள் என்னைக் கட்டில் அருகே அழைத்து, “மலர் அடிப்பியள்தானே? நீ எழுது. ஆனா கூட்டியும் எழுதாதை, குறைச்சும் எழுதாதை” என்றார். கணக்காளர் வேறு எப்படிச் சொல்வார்?

இறுதிச் சடங்கில் மெயிலின் எழுந்து பேசினாள். அவளும் இப்போது கணக்காளர். தான் படிப்பை விட்டுவிட இருந்த வருடத்தில் தன்னை இழுத்துப் பிடித்து வைத்தவரைப் பற்றிச் சொல்லி, “அன்ரி ஒன்லி” என்று முடித்தாள். அழுதுகொண்டிருந்த மண்டபமே சிரித்துவிட்டது. அக்காவுக்கு அதைவிட நல்ல வழியனுப்பல் கிடைத்திருக்காது.

மருத்துவமனைக்கு முறை வைத்து வந்தவர்களும், எங்கள் குசினியில் அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்தவர்களும், அத்தானைத் தனியே இருக்க விடாதவர்களும் நீங்கள்தான். உங்களுக்கு எங்கள் நன்றி. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள். அக்காவுக்குத் தெரிந்தால் உங்கள் புள்ளிக்காக வாதாட வந்துவிடுவார்.

அக்கா, நீங்கள் சொன்னபடி கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீங்கள் ஒருநாளும் சொல்லாத ஒன்றை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். எங்களை ஆளாக்கியது எல்லாரும் சேர்ந்து அல்ல. நீங்கள்தான்.