சுடாத கை

அறுப்பின் பண்டிகை விருந்துக்காகத் திண்டிவனத்து ஆலயத்தின் பின்புறம் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. 1954ஆம் வருஷம். சாம்பார் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ராஜாமணி. தினமும் ரயிலேறி விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போய் மூட்டை தூக்கும் அப்பாதுரையின் மனைவி.

அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டை சரிந்து விழுந்தது. பேச்சை நிறுத்தாமலே அவள் அதை எடுத்து உள்ளே தள்ளினாள். அவள் பிடித்தது எரிகிற பக்கத்தை.

“அய்யோ, வுடுடி! கையை வுடு!” என்று அலறினாள், பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த வெள்ளையம்மாள்.

“ஏன்க்கா இப்பிடிக் கத்துற?” என்று ராஜாமணி சிரித்தாள். தோல் கருகும் வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தாள். உள்ளங்கை வெந்துபோயிருந்தது. வலி இல்லை. கொஞ்சம்கூட இல்லை. சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். ஒருத்தி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ராஜாமணிக்கு முன்பே அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைக் கண்ணை மூடச் சொன்னார்.

“எப்பங்க ஊசி குத்துவீங்க?” என்று சற்று நேரம் கழித்துக் கேட்டாள்.

அவர் எல்லா விரலிலும் குத்தி முடித்திருந்தார்.

“குஷ்டம்தாம்மா. மாத்திரை இருக்கு, வருஷக்கணக்குல சாப்பிடணும். நடுவுல நிறுத்தக்கூடாது.”

வீட்டுக்கு வந்தாள். கதவு பூட்டியிருந்தது. வாசலில் அவளுடைய இரண்டு புடவையும் ஒரு தட்டும் பாயும் கிடந்தன. காலையில் அவள் கரைத்துக் கொடுத்த கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுப் போன அப்பாதுரை, ஊர்ப் பேச்சு காதுக்கு எட்டியதும் திரும்பி வந்து, பால்குடி மறக்காத மகள் அம்சாவைத் தூக்கிக்கொண்டு கண்டமங்கலத்தில் இருந்த தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். பூட்டைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். அழக்கூட வரவில்லை.

வெள்ளையம்மாள்தான் தன் மாட்டுக்கொட்டகையில் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தாள். ராஜாமணி அங்கே சாப்பிடாமல் கிடந்தாள். கிணற்றையே நினைத்துக்கொண்டு கிடந்ததாகப் பின்னாளில் அவளே சொன்னாள். ஒரு மத்தியானம், யாரோ தட்டி எழுப்பியதுபோலச் சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

“யக்கா, வேதத்துல வர்ற அந்தக் குஷ்டரோகி சொஸ்தமான பெறகு இயேசு தொடலக்கா. புண்ணோட நிக்கும்போதே தொட்டாரு. தொட்ட பெறகுதான் சொஸ்தம்.”

“அதான் எல்லாருக்கும் தெரியுமேடி.”

“எனக்கு இப்பத்தான்க்கா தெரியுது.”

அன்று கூழ் குடித்தாள்.

வாரந்தோறும் ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதங்களில் உடம்பெல்லாம் கட்டிகள் கிளம்பின. எலும்பைப் பிளக்கிற ஜுரம் வந்தது. “நிறுத்திடுடி, செத்துப்போயிடுவ” என்று வெள்ளையம்மாளே பயந்தாள். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை. “புண்ணோட தொட்டவரு, ஜுரத்துல வுட்டுட்டா போயிடுவாரு?” என்று பல் கிட்டியபடி விழுங்கினாள் ராஜாமணி.

ஆலயத்தில் அவள் உட்கார்ந்தால் அந்த வரிசை காலியானது. கூடச் சேர்ந்து பாடியவர்கள், ஒரே தட்டில் கை நனைத்தவர்கள்! முதல் ஞாயிறு கொட்டகை வரைக்கும் அழுதுகொண்டே போனாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். வெள்ளையம்மாள் தன் பேரில் வாங்கி வந்த மல்லாட்டையைத் தோல் உடைத்து, கூலிக்கு நிலக்கடலைப் பருப்பு எடுத்துக் கொடுத்து ராஜாமணி பிழைத்தாள். குத்தினால் தெரியாத விரல்கள் என்பதால், பொழுது சாயும்போது ஒவ்வொன்றாகத் திருப்பி ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

1961இல் மருந்து போதும் என்றார்கள். இரண்டு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன.

அடுத்த வருஷம் ஒருநாள் அந்தக் கூலிக் காசில் அவள் போட்டிருந்த குடிசை வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். இளைத்துப்போன அப்பாதுரை. சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். முதுகில் வெளிறிய படை.

“கிள்ளுனாத் தெரியல, ராஜாமணி. அம்மாவுக்குக்கூடச் சொல்லல. எனக்கு எங்க போறதுன்னு தெரியல.”

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் சேர்த்து வைத்திருந்த வசவெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. “ஆண்டவரே, இது என்ன?” என்று மட்டும்தான் வாய் சொன்னது. பிறகு அந்தப் படையின் மேல் தன் கையை வைத்தாள்.

“சட்டையப் போடுங்க. இது ஆரம்பந்தான். நாளைக்குப் புளியமரத்தடிக்கு இட்டுக்கினு போறேன். நடுவுல நிறுத்துனீங்கன்னா சும்மா இருக்கமாட்டேன்.”

“நான் இங்க தங்கிக்கலாமா?”

“அது அப்புறம். மொதல்ல என் பொண்ண இட்டுக்கினு வாங்க. அவ உடம்பையும் பாக்கணும்.”

அம்சா வந்து ராஜாமணியிடமே தங்கினாள்; அவள் உடம்பில் ஒரு படையும் இல்லை. அப்பாதுரை வெள்ளையம்மாளின் கொட்டகையில் தங்கி மருந்து சாப்பிட்டான். அவனுக்கு விரல் மடங்கவில்லை. குணமான பிறகுதான் ராஜாமணி அவனை வீட்டுக்குள் சேர்த்தாள். அம்சா அவளை “ஏங்க” என்றுதான் கூப்பிட்டாள். “அம்மா” என்று கூப்பிட இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று.