அண்ணன் அள்ளிய பனியும் ஊர் வெட்டாத வழியும்

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுதும் பொறுப்பை அம்மா என்னிடம் கொடுத்தார்கள். "நல்லதா நாலு வார்த்தை எழுதுத்தா. யாரு மனசும் நோகாம எழுது" என்றார்கள். அம்மா சொன்னதில் முதல் பாதியை என்னால் செய்ய முடியும்.

அண்ணன், திருமயத்தில் பஸ் இறங்கி உள்ளே போக வேண்டிய எங்கள் ஊரில் தலைச்சன் பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்தார். நிலமும் தென்னந்தோப்பும் பெரியப்பா பொறுப்பில் இருந்தன. வீட்டில் யார் என்ன பேசலாம் என்பதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். அதன் பிறகு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, ஓவர்டைம் பார்த்து, தங்கையான என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன்தான். இன்று நான் வங்கியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது அவர் நின்றுகொண்டே பார்த்த வேலையால். என் கல்யாணத்தை முடித்த பிறகுதான் தன் கல்யாணத்தைப் பற்றிப் பேச விட்டார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்கு முன்னால் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாரியை ஊர் கூடி வெட்டிச் சுத்தம் செய்வார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் வர வேண்டும். எங்கள் வீட்டிலிருந்தும் ஆள் போகும். ஆனால் அது வீட்டு ஆளாக இருக்காது, தோப்பில் வேலை செய்கிறவராக இருக்கும். ஒரு முறை விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தானே போய்விட்டார். பெரியப்பா வரப்பில் நின்றே சத்தம் போட்டார்.

"நம்ம வீட்டுல மம்பட்டி பிடிக்க ஆளா இல்ல? நீ எதுக்குடா வாரிக்குள்ள நிக்கிற? ஏறி வா மேல."

அண்ணன் ஏறி வந்து கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனார். எங்களைப் பார்த்து மற்ற பெரிய வீடுகளும் ஆள் அனுப்பத் தொடங்கின. கடைசியில் எல்லா வீடும் ஆள் அனுப்புகிற வீடாகிவிட்டது, அனுப்பத்தான் ஆள் இல்லை. வாரி வெட்டுவது அத்தோடு நின்றது.

ஓசூர் வேலையிலிருந்து அண்ணனை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். கல்யாணமான கையோடு அண்ணியும் கூடப் போனார்கள். டோக்கியோ இல்லை. வடக்கே, கடலோரமாக, மலைக்கு அடியில் ஒரு சின்ன ஊர். அங்கே பனி என்றால் நம் மார்கழிப் பனி இல்லை. ஒரே இரவில் இடுப்பளவு விழும், கதவைத் திறக்க முடியாது. பெரிய ரோட்டை நகராட்சி வண்டி தள்ளிவிடும். தெருவையும், வீட்டு வாசல்களையும், வயதாகித் தள்ளாதவர்களின் கூரைகளையும் தெருக்காரர்கள்தான் சுத்தம் செய்ய வேண்டும். கூரையில் ஏறி அள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் வீடு உட்கார்ந்துவிடும். அங்கேயும் வீட்டுக்கு ஒரு ஆள்தான்.

முதல் பனிக்காலத்தில் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? நம் வீட்டுப் பிள்ளை அல்லவா, ஆள் அனுப்பினார். தனக்கு ஷிஃப்ட் இருந்த நாளில், உடன் வேலை பார்த்த ஒரு நண்பரைத் தனக்குப் பதிலாகப் போகச் சொன்னார். தெருச் சங்கத் தலைவர் அந்த நண்பரை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, 'உங்களுக்கு இந்தத் தெருவில் வீடு இல்லையே, நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்' என்று மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணன் வேலை முடிந்து வந்து பார்த்தால் அவர் வீட்டு வாசல் சுத்தமாக இருக்கிறது. தெருவே சேர்ந்து அள்ளியிருக்கிறது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்றைக்கு எனக்கு போன் செய்தார். என்னை அவர் ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

"ஆத்தா, திட்டியிருந்தாக்கூடத் தாங்கிருப்பேன். என் வாசலையும் அள்ளிப் போட்டுட்டுப் போயிருக்காங்க. வெக்கமாப் போச்சு."

அடுத்த முறையிலிருந்து அவரே போனார். அவருக்கு ஷிஃப்ட் இருந்தால் அண்ணி போனார்கள். கூரையில் எப்படி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏறுவது, ஒருவர் மேலே அள்ளும்போது இன்னொருவர் கீழே நின்று ஆள் வராமல் பார்ப்பது, அள்ளிய பனியை ரோட்டோர வாய்க்காலில் எந்தத் தெரு எந்த நேரத்தில் தள்ளுவது என்று ஒவ்வொரு வருடமும் போனில் கதை கதையாகச் சொல்வார். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆனதைக்கூட இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை. ஒரு முறை அந்தத் தெருத் தலைவர் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவர் என்று சொன்னார். அம்மா அதைப் பெரியப்பாவிடம் சொல்லப்போக, பெரியப்பா ஒரு வாரம் எங்கள் வீட்டில் காப்பி குடிக்கவில்லை. முடி வெட்டுகிறவர் சொல்வதைக் கேட்டு நம் பையன் பனி அள்ளுகிறானே என்ற வருத்தமாம்.

இனி அண்ணனின் கடைசி நாளுக்கு வருகிறேன். 'பணியில் இருந்தபோது திடீர் மாரடைப்பு' என்று எழுதினால் கௌரவமாக இருக்கும் என்று சிலர் எனக்கு யோசனை சொன்னார்கள். அண்ணனுக்கு மாரடைப்பு வரவில்லை. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஒரு முதியவரின் கூரையைத் தெருக்காரர்கள் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் கீழே நின்று பார்த்துக்கொள்ளும் முறை. இரண்டு நாள் கொட்டிய பிறகு அன்று நல்ல வெயில். வெயில் அடிக்கும் நாளில்தான் கூரைப் பனி மொத்தமாகச் சரியும். மேலே இருந்தவர்கள் கூச்சலிட்ட நேரத்தில், காது கேளாத அந்த முதியவர் எல்லாருக்கும் தேநீர் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வந்தார். அண்ணன் ஓடிப்போய் அவரை உள்ளே தள்ளினார். பனி அண்ணன் மேல் விழுந்தது.

மண்வெட்டி பட்டுவிடும் என்று பாதிக்கு மேல் கையாலேயே தோண்டினார்களாம். அண்ணியும் தோண்டினார்கள். எடுத்தபோது உயிர் இல்லை.

மறுநாள் விடிவதற்குள் திரும்பவும் பனி கொட்டியிருந்தது. அண்ணனை ஏற்றிப்போக வண்டி வரும் முன்பே வாசலிலிருந்து பெரிய ரோடு வரை தார் தெரியும்படி அள்ளியிருந்தார்கள். வண்டி போகும்போது இரண்டு பக்கமும் தலைகுனிந்து நின்றார்கள். அங்கே நடந்ததையெல்லாம் எனக்குச் சொன்னபோது, இந்த இடத்தில் மட்டும்தான் அண்ணி அழுதார்கள்.

நம் ஊரில் என்ன பேசினார்கள் என்பதையும் எழுத வேண்டும் அல்லவா? "எஞ்சினியரு வேலைக்குப் போயி ஊரான் வீட்டுப் பனிய அள்ளிச் செத்தானாம்" என்று டீக்கடையில் பேசினார்கள். "ஒரு கெழவனுக்காகவா?" என்று துக்கம் கேட்க வந்த வீட்டிலேயே கேட்டார்கள். கேட்டவர்கள் எல்லாரும் இந்த மலரை வாங்கப்போகிறவர்கள்தான்.

அம்மா முகம் பார்க்க வேண்டும் என்றதால் அண்ணனை இங்கே கொண்டுவந்தோம். பேப்பர் வேலை எல்லாம் முடிந்து வந்து சேரப் பல நாளானது. அத்தனை நாளும் சுடுகாட்டுப் பாதையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பாதி தூரத்துக்குப் பெரியப்பாவின் தோப்பு வேலி தள்ளி வந்து நிற்கிறது. மீதி தூரத்தைச் சீமைக்கருவேல மரம் மூடியிருக்கிறது. வேறு சமயமாக இருந்தால் வயல் வழியாகத் தூக்கிப் போவார்கள். அன்று வயலில் நெல் அறுப்புக்கு நின்றது. பெட்டி வீட்டில் இருக்க, அதை ஏற்ற வந்த அமரர் ஊர்தி எங்கள் வீட்டுக்கு எதிரே பாதை முனையில் நின்றுவிட்டது. ஊர் ஆண்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டுப் பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜேசிபிக்குச் சொல்லியிருக்கு, வந்துரும். எல்லாரும் உக்காருங்கப்பா" என்றார் பெரியப்பா.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். வெயில் ஏறியது. அம்மா பெட்டிமேல் தலை வைத்துக் கிடந்தார்கள். ஜேசிபி வரவில்லை. கூட்டம் செல்போன் பார்க்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மதியச் சாப்பாட்டைப் பற்றிய பேச்சும் என் காதில் விழுந்தது.

அப்போதுதான் அண்ணி பெட்டிப் பக்கத்திலிருந்து எழுந்தார்கள். கொல்லைப்பக்கம் போய் மண்வெட்டியையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார்கள். பந்தலில் இருந்த ஆண்கள் மொத்தமாக எழுந்தார்கள். ஒரு கணம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெட்டத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏத்தா, பொம்பள அங்கிட்டுப் போகக் கூடாது. ஊரு என்ன சொல்லும்?" என்று பெரியப்பா வழியை மறித்தார்.

"ஊரு ஒண்ணும் சொல்லல மாமா, உக்காந்துதான் இருக்கு" என்றார்கள் அண்ணி. "அங்க எங்க வீட்டு மொறைக்கு இவுக இல்லாட்டி நாந்தான் போவேன். இவுக போற வழிய நான் வெட்டிக்கிறேன். விடுங்க."

விடவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து மண்வெட்டியைப் பிடுங்கினார்கள். பிடுங்கியவர் கையில் அது இருந்தது. பாதை எதிரில் இருந்தது. அவர் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். என் அண்ணி மண்ணில் உட்கார்ந்து அழுதார்கள். அத்தனை பேரையும் நான் வெறுத்த நாள் அது. ஒரு வருடமாகியும் அந்த வெறுப்பு குறைந்துவிட்டதாகப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஜேசிபி வந்தது, வேலியைத் தொடாமல் ஒரு வண்டி அகலத்துக்கு முள்ளைத் தள்ளியது, அண்ணன் போனார்.

போன வாரம் பெரியப்பா வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். 'இறுதி ஊர்வலத்திற்குப் பாதை அமைத்துக் கொடுத்தவர்' என்று மலரில் அவருக்கு நன்றி போட வேண்டுமாம்.

நன்றி சொல்லித்தான் இந்த மாதிரிக் கட்டுரையை முடிக்க வேண்டும். கையால் பனியைத் தோண்டி அண்ணனை வெளியே எடுத்த அந்தத் தெருவுக்கு நன்றி. இன்றுவரை மாதம் தவறாமல் அண்ணியிடம் போனில் பேசும் முடிதிருத்தும் கடைக்காரருக்கு நன்றி. சாப்பிடக்கூட இறங்காமல் வேலையை முடித்துக் கொடுத்த ஜேசிபி டிரைவர் தம்பிக்கு நன்றி. பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, வந்து உட்கார்ந்ததற்காக நன்றி.

நேற்று மாலை பாதை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். முள் பழையபடி மூடிவிட்டது, வேலி இன்னும் ஒரு முழம் வெளியே வந்திருக்கிறது. அண்ணனுக்கு இனி அதனால் கஷ்டமில்லை, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்று அண்ணியும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம், அது இந்த ஊர் இல்லை. அந்த வழியாகப் போக வேண்டியவர்கள் இனி நீங்கள்தான்.