திரையில் வாயசைத்த சுயும்கான்

கிர்கிஸ் நாட்டின் நாரின் மலைமேல், அரசாங்கக் கூட்டுப்பண்ணையில் குதிரைப்பால் கறப்பவள் சுயும்கான். அவள் அப்பாவின் ஆட்டுமந்தையைப் பிடுங்கிக்கொண்டதும், புருஷனைப் போருக்கு அழைத்துப்போய் ஒரு துண்டுக் காகிதமாகத் திருப்பி அனுப்பியதும் அரசாங்கம்தான். இருபத்து மூன்று வருஷம் கழித்து அதே அரசாங்கம் மூன்று லாரி நிறைய ஆட்களையும் விளக்குகளையும் அவளிடம் அனுப்பிவைத்தது. கிர்கிஸ் மொழியில், அரசுச் செலவில் ஒரு சினிமா.

புல்வெளியில் தண்டவாளம் போட்டு அதன்மேல் கேமராவை உருட்டினார்கள். பட்டப்பகலில் இன்னொரு சூரியன்போல விளக்கு எரிந்தது. பால்வாளியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள்.

"அக்கா, போர்ல செத்தவனுக்கு ஒப்பாரி வைக்கணும். வருமா?" என்றான் டைரக்டர் எசென்பெக்.

"எனக்கா தம்பி இத்தனை விளக்கு?"

"உங்களுக்கேதான்கா."

புருஷன் செத்த காகிதம் வந்த அன்று அறுவடை நேரம், பண்ணையில் அழ விடவில்லை. இப்போது ஆரம்பித்தவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள்.

அடுத்த வசந்தத்தில், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையின் ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, படத்தைப் போட்டார்கள். மாவட்டக் கட்சிச் செயலாளர் சகின்பாய் முன்வரிசையில் இருந்தார்.

சுவர் அகலத்துக்கு ஒரு முகம். சுயும்கானுடையது!

"அடியே, உன் மூக்கு என் வீட்டுக் கதவு அளவுக்கு இருக்குடி!" என்றாள் தோழி பாத்மா.

திரையில் வாய் திறந்தது. குரல் வரவில்லை, வாத்திய இசை மட்டும் வந்தது.

"என்ன தம்பி இது?" என்று பக்கத்தில் இருந்த எசென்பெக்கைக் கேட்டாள் சுயும்கான்.

"இவ்வளவு துக்கம் ஆகாதுன்னு மேலிடத்துல குரலை எடுக்கச் சொல்லிட்டாங்கக்கா." எசென்பெக் தலை நிமிரவில்லை.

பாத்மாதான் முதலில் எடுத்தாள்: "வெள்ளக் குதிரை வந்துருச்சே, ஏறிப் போனவன் எங்கே..." படப்பிடிப்பில் கேட்ட வரி. ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள். சுயும்கான் மட்டும் பாடவில்லை. திரையில் தன் வாயிலிருந்து அறுபது பெண்களின் குரல் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சகின்பாய் எழுந்தார். மெஷினை நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவரோ தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகும் பதினோரு வருஷம் அவள் குதிரைதான் கறந்தாள். ஒருநாள் தலாஸ் பக்கத்திலிருந்து வந்த லாரி டிரைவர் அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"அந்தப் படத்துக்காரங்கதானே நீங்க? எங்க ஊர்ல உங்க வாய் அசையறப்போ பொம்பளைங்க பாடுவாங்க."

"என்ன பாட்டு?"

"அவங்கவங்க செத்தவங்களுக்கு, அவங்கவங்க பாட்டு."

சுயும்கான் அவனை உட்காரவைத்துக் குதிரைப்பால் ஊற்றிக் கொடுத்து, அதை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள்.