தினம் ஒரு பொட்டலம்

போன வாரம் மருமகள் ஆபீசில் இருந்தபடியே போனில் ஏதோ தட்டினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஒரு பையை என் கையில் கொடுத்தான். எந்த ஊர்ப்பா நீ என்று நான் இந்தியில் வாக்கியத்தைக் கூட்டி முடிப்பதற்குள் லிப்ட் கதவு மூடிவிட்டது. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தாணேயில் பதினோராவது மாடியில் இருக்கிற ஒரு கிழவியின் குசல விசாரிப்புக்கெல்லாம் அவன் சம்பளத்தில் இடம் கிடையாது.

பைக்குள் மற்ற சாமான்களோடு ஒரு சீரகப் பாக்கெட். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. மூக்கருகில் வைத்துப் பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. கத்தரியால் மூலையை வெட்டினேன். அப்போதுதான் லேசாக வந்தது. சீரகம் என்றால் உங்களுக்கு ரசம் ஞாபகம் வரலாம். எனக்குக் கனியக்காதான் ஞாபகம் வருவாள்.

அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகி மாயவரத்திலிருந்து செம்பூருக்கு வந்தேன். பம்பாய் மாப்பிள்ளை என்றதும் என் சிநேகிதிகளுக்கெல்லாம் பொறாமை. தினம் கடற்கரைக்குப் போவேன், சினிமா நட்சத்திரங்களைத் தெருவில் பார்ப்பேன் என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் நினைத்தேன், பொய் சொல்வானேன். வந்து பார்த்தால் ஓர் அறை, அதில் சமையலுக்கு ஒரு தடுப்பு, வெளியே எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய். ஒரு பக்கம் சிந்திக் குடும்பம், இன்னொரு பக்கம் மராத்திக் குடும்பம். என்னைப் பார்த்தால் அவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கு மேல் எங்களிடம் பாஷை இல்லை.

அவருக்கு டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா வேலை. விடிந்ததும் கிளம்பினால், ஓவர்டைம் பார்த்துவிட்டு இருட்டிய பிறகுதான் வருவார். ஊரில் இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு நின்றார்கள். அதனால் சம்பளம் வந்த அன்றைக்கே மணியார்டர் போய்விடும், வாடகை போய்விடும், ரயில் பாஸ் போய்விடும். மளிகைக்கு என்று அறுபது ரூபாயை என் கையில் கொடுப்பார்.

"இதுக்குள்ள முடிச்சுடணும். முடியுமா?"

"முடியும்."

எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு ஒரு பரீட்சை கிடைத்தது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மாதத்தின் முதல் ஞாயிறு மாட்டுங்காவுக்குப் போவோம். மொத்தமாக வாங்கினால்தான் கட்டுப்படியாகும் என்பது அவர் சித்தாந்தம். நாலு துணிப்பைகள். காப்பிக்கொட்டை அரைக்கிற வாசனை, பூக்காரர்கள், கருவேப்பிலைக் கட்டுகள், எங்கே திரும்பினாலும் தமிழ். நான் தேர் பார்க்க வந்தவள் மாதிரி நின்று நின்று நடப்பேன். அவர் பையும் கையுமாகப் பத்தடி முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பார். மதியத்துக்குள் வீடு திரும்பிவிடுவோம். டின்களில் கொட்டி மூடினால் அந்த மாதத்துக்கான என் தமிழும் அதோடு மூடியது.

முதல் சில மாதங்கள் நான் நடத்திய குடித்தனத்தைப் பார்த்திருந்தால் நிதி மந்திரியே வேலையை என்னிடம் விட்டுப் போயிருப்பார். துவரம்பருப்பைக் கிண்ணத்தால் அளந்து தலையைத் தட்டிவிடுவேன். தேங்காய் வெள்ளிக்கிழமைக்கு மட்டும். ரேஷன் அரிசி வாரம் முழுக்கக் காணாது, மீதி நாளுக்குக் கோதுமைதான். நான் இட்ட சப்பாத்தியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கிழித்துக் குழம்பில் ஊறப் போட்டுச் சாப்பிட்டுவிடுவார். மாதக் கடைசியில் மிச்சச் சில்லறையை அவர் முன்னால் வைத்தால், "கெட்டிக்காரிதான்" என்பார். அந்த மாதத்தில் எங்களுக்குள் நடந்த நீளமான சம்பாஷணை அதுவாகத்தான் இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் பாயில் சாய்வார். அடுத்த நிமிஷம் தூங்கியிருப்பார். கோபக்காரர் இல்லை. களைத்துப்போன மனிதர், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவர் வந்து ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. கரகரவென்று காற்றுதான் வந்தது.

"சளி புடிச்சிருக்கா?"

"இல்ல" என்றேன். காலையில் "போயிட்டு வாங்க" என்றதற்குப் பிறகு பகல் முழுக்க வாயைத் திறக்கவில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. மறுநாளிலிருந்து பருப்போடு பேச ஆரம்பித்தேன். "என்ன, இன்னும் வேகலையா உனக்கு?" சாமான் கட்டி வந்த காகிதங்களைப் பிரித்து உரக்கப் படிப்பேன். முக்கால்வாசிக் காகிதம் மராத்தியில் இருக்கும், படிக்க முடியாது.

இப்படியிருக்கும்போதுதான் சீரகம் தீர்ந்துபோனது. ஸ்டேஷன் சாலையில் ஒரு கடை உண்டு, "ஜீரா" என்று கேள், போதும் என்று அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். வழியெல்லாம் ஜீரா, ஜீரா என்று ஜபித்துக்கொண்டு போனேன். கடைக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"இந்தச் சாக்க உள்ள இழுத்துப் போடுங்கன்னு எத்தன மட்டம் சொல்லிட்டேன்! சவம், வாரவ போறவ எல்லாம் தட்டுதா."

அப்படியே நின்றுவிட்டேன். கறுப்பாக, நெற்றி வியர்த்து, முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிய ஒரு பெண் எட்டிப் பார்த்து, "க்யா மாங்தா?" என்றாள்.

"சீரகம்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சீரகம் கேட்டு அழுத முதல் மனுஷி நானாகத்தான் இருப்பேன்.

"அட, தமிழ்ப் பிள்ளையா! எந்த ஊருளா நீ?"

அந்த 'ளா' எனக்குச் சுருக்கென்றது. ஏதோ வசவு என்றே நினைத்தேன். பிரியத்தில் சொல்வது என்று தெரியப் பல நாளாயிற்று.

"மாயவரம்."

"அது எங்கன கெடக்கு? நமக்கு மருதைக்கு வடக்க எல்லாம் ஒண்ணுதான். உக்காரு."

ஓர் எண்ணெய் டின்னைக் காலால் தள்ளிவிட்டாள். உட்கார்ந்தேன்.

அவள் பெயர் செல்லக்கனி, திருநெல்வேலிக்குத் தெற்கே. எனக்குக் கனியக்கா. வீடு மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற தமிழர் குடியிருப்பில். அன்றைக்குச் சாக்குக்காகத் திட்டு வாங்கிய அவள் வீட்டுக்காரர் மொத்தச் சரக்கு எடுக்க வெளியே அலைவார், பகலில் கடை இவளுடையது. சாக்கும் வெல்லமும் மிளகாய் வற்றலும் மண்ணெண்ணெயும் கலந்து அந்தக் கடைக்கு ஒரு வாசனை. இரண்டு பிள்ளைகளை ஊரில் மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒரு நாள் புளியைப் பிய்த்து நிறுத்துக்கொண்டே, "எம் மவளுக்குப் பல்லு விழுற வயசு. எத்தன விழுந்திருக்குன்னு கூட எனக்குத் தெரியாது" என்றாள். அவள் முகம் மாறவில்லை. தராசுத் தட்டு மட்டும் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

தினம் போக ஆரம்பித்தேன். சும்மா போய் உட்கார முடியுமா? கடைக்குப் போனால் ஏதாவது வாங்கத்தான் வேண்டும். அதனால் மாட்டுங்காவில் வாங்குகிற சாமானை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். "தூக்கச் சிரமமா இருக்கு, இங்கேயே வாங்கிக்கறேன்" என்று அவரிடம் சொன்னேன். இன்றைக்கு ரெண்டணாவுக்குச் சீரகம், நாளைக்குக் கொஞ்சம் வெந்தயம், மறுநாள் மஞ்சள் தூள். நயா பைசா வந்து வருஷங்கள் ஆகியும் நாங்கள் அணாவை விடவில்லை. கூம்பாகச் சுருட்டிய காகிதப் பொட்டலத்தை நீட்டி கனியக்கா கேட்பாள்: "நேத்துதானளா சீரகம் வாங்குன? உங்க வீட்டுக்காரரு சோத்துக்குப் பதிலா சீரகத்தத் திங்காரா?" அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் கிண்டல் செய்தாள்.

பொட்டலமாக வாங்கினால் விலை ஏறத்தான் செய்யும். அவள் ஏமாற்றவில்லை, சில்லறை விலை அப்படி. இருபதாம் தேதிக்கு மேல் என் கையில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அவர் தன் கைச்செலவுப் பணத்திலிருந்து கொடுத்தார். "எங்கே போச்சு?" என்று ஒரு தடவை கேட்டார். "விலையெல்லாம் ஏறிடுச்சு" என்றேன். அடுத்த மாதமும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த சம்பளத்தன்று மணியார்டர் பாரத்தை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். தொகை எழுதுகிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. ஐந்து ரூபாய் குறைத்து எழுதினார். பெரிய தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்த சமயம் அது. பாரத்தை மடித்துப் பையில் வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் நான் கடைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. தண்ணீர் பிடித்து, சமைத்து, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்து வீட்டுச் சிந்தி அம்மாள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். ரேஷனுக்குப் போகும்போது சாலையின் எதிர்ப்பக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு போனேன். "ஏளா, மாயவரம்!" என்று ஒரு தடவை குரல் கேட்டது. கேட்காத மாதிரி நடந்தேன். 

ஒரு நாள் அவர் குளித்துவிட்டுத் துண்டு கேட்டார்.

"கொடியில கெடக்கு பாருங்க, அங்கன. பைய எடுங்க, சேலையும் விழுந்துரும்."

ஈரத் தலையோடு அவர் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னே?"

"துண்டு..."

"'அங்கன', 'பைய'ன்னெல்லாம் மாயவரத்துல யார் பேசறா? இது யாரு பேச்சு?"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பருப்போடு பேசியதைக் கூடச் சொன்னேன். அவர் தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை வராது அவருக்கு. "சாதம் போடு" என்றார். சாப்பிட்டார். படுத்தார். அன்றைக்குச் சீக்கிரம் தூங்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அடுத்த சம்பளத்தில் அறுபது ரூபாயை எண்ணி வைத்தார். பிறகு மூன்று ரூபாயைத் தனியாக வைத்தார்.

"இது அந்தக் கடைக்கு."

"எதுக்கு?"

"எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். நீயும் சொல்ல வேண்டாம்."

எங்கிருந்து வந்தது அந்த மூன்று ரூபாய் என்று நானும் கேட்கவில்லை. முன்பெல்லாம் கேன்டீனிலேயே டீ குடித்துவிட்டு வருகிறவர், அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்ததும் டீ கேட்க ஆரம்பித்தார். அந்த டீத்தூளும் சர்க்கரையும் அறுபது ரூபாய்க்குள் வருகிற சமாசாரம்தானே! அவருடைய கணக்கில் அந்த ஓட்டை அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. நானும் சொல்லவில்லை, நாலு பருப்பைக் குறைத்துச் சரிக்கட்டினேன்.

மறுபடி போனபோது கனியக்கா கோபித்துக்கொள்ளவில்லை. எண்ணெய் டின்னைத் தள்ளிவிட்டு, "தொண்டைல கொழுக்கட்டையா வச்சிருந்த, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்க?" என்றாள். அவ்வளவோடு சரி. ஒரு வருஷத்துக்கு மேல் அந்த டின் எனக்கு ஆசனமாக இருந்தது. வருகிறவர்களுக்கு அவள் நிறுத்துப் போட, நான் பொட்டலத்துக்கு நூல் சுற்றுவேன். அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் இந்தி பழகினேன். இன்றுவரை என் இந்தியில் திருநெல்வேலி அடிக்கிறது என்று என் மகன் சொல்வான்.

பிறகு ஊருக்குள் ஒரு பேச்சு எழுந்தது. தெற்கிலிருந்து வந்தவர்கள் பிழைப்பைப் பறிக்கிறார்கள் என்ற பேச்சு. அங்கங்கே கடைகள் மேல் கல் விழுந்தது. நாலைந்து நாள் வெளியே போகாதே என்று அவர் சொன்னார். சத்தம் அடங்கிய பிறகு ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைப் பலகைகள் எல்லாம் போட்டுப் பூட்டியிருந்தன. ஒரு பலகை நடுவில் பிளந்திருந்தது. கீழே சிந்தியிருந்த உளுந்தைப் புறாக்கள் பொறுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தையல்காரரிடம் கேட்டேன். "காவ் சலே கயே" என்றார். ஊருக்குப் போய்விட்டார்களாம். எனக்குப் புரிந்தது. புரிகிற அளவுக்கு இந்தியை அவளே கற்றுக்கொடுத்திருந்தாளே.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் கேட்காமலே, அவர் என்னை லேபர் கேம்ப்புக்கு அழைத்துப் போனார். நல்ல மழை. சந்து சந்தாக நடந்தோம். தமிழ் முகமாகப் பார்த்து விசாரித்தோம். ஒரு வீட்டில் ஓர் அம்மாள் கேட்டாள்: "எந்தக் கனி? சாத்தான்குளத்துக் கனியா, உடன்குடிக் கனியா?"

எனக்குத் தெரியவில்லை. அவள் எப்போதும் "நம்ம ஊரு" என்றுதான் சொல்வாள். அது எந்த ஊர் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

சயானில் ரயிலேறினோம். நான் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தேன். திடீரென்று அவர் பேச ஆரம்பித்தார். தொழிற்சாலையில் ஒரு கிரேன் பீப்பாயைத் தூக்கியதாம். பாதி உயரத்தில் கரண்ட் போய்விட்டதாம். பார்த்தால் பீப்பாய்க்குள்ளிருந்து ஒரு பூனை தலையை நீட்டியதாம். கைகளை ஆட்டி, பூனை முழித்த மாதிரி முழித்துக் காட்டினார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். அவருக்குக் கதை சொல்ல வராது. முன்பின்னாகச் சொன்னார். குர்லாவில் இறங்கி ரயில் மாறியும் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து சாப்பிட்டதும் படுக்கமாட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஏதாவது சொல்வார். சொல்ல விஷயம் இல்லாத நாட்களில் பூனைக் கதையையே திரும்பச் சொல்வார். பிறகு குழந்தைகள் பிறந்தார்கள், வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை, அவர் சொல்வதை நான் காதில் வாங்காமல் போன நாட்களும் உண்டு.

சாலையை அகலப்படுத்தியபோது அந்தக் கடை வரிசை முழுவதும் போய்விட்டது. கூம்புப் பொட்டலம் மடிக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். அவருடைய தொழிற்சாலையை மூடி, அங்கே மாடி மாடியாக எழுப்பியிருக்கிறார்கள். அவரும் போய்ப் பல வருஷமாகிவிட்டது. மளிகைக்கு எவ்வளவு ஆயிற்று என்று இந்த வீட்டில் யாரும் கேட்பதில்லை. காலையில் எல்லோரும் கிளம்பிப் போனால், சாயங்காலம்தான் கதவு திறக்கும்.

நேற்று மத்தியானம் அந்தப் பூனையை நினைத்துக்கொண்டேன். கிரேன், பீப்பாய், கரண்ட் போனது, பூனை தலையை நீட்டியது வரை சரியாக வருகிறது. அது எப்படிக் கீழே இறங்கியது? அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. கேட்க ஆளில்லை.