கிணற்றில் விழுந்த ஸ்பேனர்

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். ஆனால் திதி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

வெள்ளைக்காரனை வெளியேறச் சொன்ன நாற்பத்திரண்டில் மொரப்பூரில் எங்கள் சோளக்காட்டில் ஒருவர் மூன்று நாள் ஒளிந்திருந்தார். ஒல்லியான ஆள், முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அகிம்சை பேசியவர்களை விட்டுப் பிரிந்து, தண்டவாளம் பெயர்க்கும் கூட்டத்தில் சேர்ந்தவர். ஆனாலும் பேசும்போதெல்லாம் அவர் கை தக்ளியில் நூல் நூற்றுக்கொண்டே இருக்கும்.

களி கொண்டுபோனபோது, "என்னைக்குங்க தண்டவாளத்தப் பேக்கறீங்க?" என்று கேட்டேன்.

"அமாவாசைக்குத்தான் தங்கச்சி. நல்ல இருட்டா இருக்கும்."

"நல்லா நாள் பாத்தீங்க! அன்னைக்குத்தானுங்க தீர்த்தமலைக்குச் சனம் ரயிலு வண்டியேறி வரும். எங்க ஆத்தாளும் அதுலதான் வருது."

தக்ளி நின்றது. "ஆத்தாளுக்கு ஒரு தந்தி அடிச்சிரு."

"அந்தக் கம்பியத்தான் போன வாரமே அறுத்துப்போட்டீங்களே!"

அவர் களியைத் தொடவில்லை. கூட்டாளிகளைத் தடுத்துவிட்டு வருகிறேன் என்று போனார்.

அமாவாசை வண்டி பத்திரமாக வந்தது. ஆத்தாள் இறங்கித் தீர்த்தமாடப் போனாள். அவரை மட்டும் கிணற்றோரம் மண்டை உடைந்த பிணமாகக் கண்டெடுத்தார்கள். தண்டவாளம் கழற்ற வைத்திருந்த ஒரே ஸ்பேனரைக் கிணற்றில் எறிந்துவிட்டாராம். அதற்காக அவருடைய ஆட்களே அடித்துப்போட்டார்களாம்.

வண்டியில் வந்த சனம் எல்லாருக்காகவும்தான் அவர் உயிரை விட்டார். நான் வாய் திறந்தது ஆத்தாளுக்காக. அவள் அந்த வண்டியில் வராதிருந்தால், சனம் வருவதைச் சொல்லியிருப்பேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.